லிஃப்ட் குழிக்குள் அண்ணியின் ஆப்

லிஃப்ட் ரிப்பேர் என்று ஃபோன் செய்தால் எங்கள் அண்ணிதான் வருவார். கதவைத் திறப்பவர்கள் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்கம்மா?" என்பார்கள். "வந்தாச்சு, வழி விடுங்க" என்று டூல் பெட்டியோடு உள்ளே போய்விடுவார். பதினாறு வருடமாக இதே கேள்வி, இதே பதில். நானாக இருந்தால் முதல் வாரமே யாரையாவது நன்றாகக் கேட்டுவிட்டு வேலையை விட்டிருப்பேன்.

நான் அவருக்கு நாத்தனார். முடி வெட்டும் கடையில் வேலை. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அண்ணிக்கும் ஒரு வரி கோட் எழுதத் தெரியாது. ஆனால் கோட் எழுதாமலே, கட்டங்களை இழுத்து இழுத்து வைத்து வெப் ஆப் செய்ய ஒரு தளம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை. கயிறு, பிரேக், கதவு என்று ஒவ்வொரு லிஃப்டிலும் பார்க்க வேண்டியதை டிக் அடித்து, ஃபோட்டோ எடுத்து, 'சேமி'யை அழுத்தினால் ஆபீசில் தெரியும். கம்பெனி காகித நோட்டை மூட்டை கட்டியது. மெக்கானிக்குகள் எட்டுப் பேரும் ஃபோன் பிரவுசரில் அண்ணியின் பக்கத்தைத்தான் திறந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் வரைக்கும். லிஃப்டுக்கு அடியில், கடைசித் தளத்துக்கும் கீழே ஒரு குழி உண்டு. அண்ணி இறங்கிப் பார்த்தபோது சுவரில் தண்ணீர் கசிந்து வயர் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஃபோட்டோ எடுத்தார், 'உடனே அடைக்கணும்' என்று எழுதினார், 'சேமி'யை அழுத்தினார், ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். குழிக்குள் சிக்னல் இல்லை. பக்கம் சுற்று சுற்றென்று சுற்றி, எழுதியது, எடுத்த ஃபோட்டோ எல்லாம் போய், வெறுமையாக நின்றிருக்கிறது. இரண்டாம் நாள் வயரில் தண்ணீர் ஏறி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு நர்ஸும் படுக்கையோடு ஒரு நோயாளியும் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டார்கள்.

"ரெக்கார்டுல ஒண்ணுமே இல்லையே. பாக்காமலே பாத்தேன்னு சொல்றீங்களா?" என்றார் சூப்பர்வைசர். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். "மாசக் கடைசிக்குள்ள இது ஆப் ஸ்டோர்லேர்ந்து இறக்கற ஒழுங்கான ஆப்பா வரணும். இல்லன்னா பழைய நோட்டுதான். ஆஸ்பத்திரி ரவுண்டும் உங்களுக்குக் கிடையாது."

அன்றைக்கு அண்ணி அடுப்படியில் நின்று அழுதார். "ரவுண்ட் போனாப் போகுது. பாக்காம டிக் போடறவன்னு சொல்லிட்டாரே!"

மறுநாளே வேலையில் இறங்கினார். முதலில் சுலபமான வழி: வெப் பக்கத்தை அப்படியே ஒரு ஆப் உறைக்குள் போட்டு ஸ்டோருக்கு அனுப்பினார். 'இது வெறும் வெப்சைட்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "சட்டைய மாத்திவிட்டேன், ஆளக் கண்டுபிடிச்சுட்டாங்க" என்று அண்ணிக்கே சிரிப்பு. அதன் பிறகு, ஃபோனுக்கென்றே ஆப் செய்யும் வேறொரு தளத்தில் ஒவ்வொரு திரையையும் முதலிலிருந்து அடுக்கினார். இதிலும் கோட் கிடையாது. எழுதுவது முதலில் ஃபோனுக்குள்ளேயே பதிந்துவிடும். சிக்னல் வந்ததும் தானாக ஆபீசுக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அதற்குள் பத்து நாள் போய்விட்டது.

ஸ்டோர் விடுமா? புதிதாக ஆப் கொண்டுவருகிறவர்கள் முதலில் பன்னிரண்டு பேரைச் சோதனைக்குச் சேர்க்க வேண்டுமாம். அந்தப் பன்னிரண்டு பேரும் நடுவில் விலகாமல் பதினான்கு நாள் ஆப்பை வைத்திருக்க வேண்டுமாம். மெக்கானிக்குகள் எட்டுப் பேர், அண்ணன், அம்மா, நான், ஆஸ்பத்திரி வாட்ச்மேன். கணக்கு சரியாக இருந்தது. எல்லோரையும் விட அம்மாதான் கடமை தவறாதவள். எங்கள் வீட்டில் லிஃப்ட் ஏது? ஃப்ரிட்ஜைச் சோதித்து, 'கதவு சரியாக மூடவில்லை, உடனே கவனிக்கவும்' என்று ஃபோட்டோவோடு அனுப்பிவிட்டாள். ஆபீசிலிருந்து ஒருவர் எந்தக் கட்டடம் என்று கேட்டு ஃபோன் செய்தார்.

பதினோராம் நாள் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன். கடையில் ஒருத்திக்குத் தலை அலங்காரம் முடித்து ஃபோட்டோ எடுக்கப் போனால், ஃபோனில் இடமில்லை. கையில் கிடைத்த ஆப்பை அழித்தேன். 'சோதனையிலிருந்தும் விலகுகிறீர்களா?' என்று கேட்டது. யார் படித்தார்கள்? ஆமாம் என்று அழுத்திவிட்டேன். பதினோரு பேர் ஆனார்கள், பதினான்கு நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. மாதம் முடிய நான்கே நாள்தான் பாக்கி.

"விடு. தெரியாமத்தானே பண்ணின" என்றார் அண்ணி. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையில் ராத்திரி சோறு இறங்கவில்லை.

காலையில் கடை ஏப்ரனோடு நேராக அண்ணியின் ஆபீசுக்குப் போனேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் சூப்பர்வைசர்.

"அந்த ஆப்பக் கெடுத்தவ. எங்க அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல. சார், நீங்க ஒரு தடவ அந்தக் குழிக்குள்ள எறங்கிப் பாருங்க. நாற்காலில உக்காந்து பாத்தா சிக்னல் நல்லாத்தான் கிடைக்கும்."

மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் சூப்பர்வைசர், "சாயங்காலம் வரேன். அந்த ஆப்ப என் ஃபோன்லயும் போடச் சொல்லுங்க" என்றார். விலகின என் இடத்தில் அவரையே சோதனையில் சேர்த்தார் அண்ணி.

சாயங்காலம் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி லிஃப்டை மேலே நிறுத்தி, மெயினை அணைத்துப் பூட்டி, ஏணியைப் பிடித்துக்கொண்டார். முட்டி வலிக்க வலிக்க ஒவ்வொரு படியாக இறங்கினார் சூப்பர்வைசர். கசிந்த இடத்தை அதற்குள் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். முதலில் பழைய வெப் பக்கத்தைத் திறந்து, ஃபோட்டோ எடுத்து, 'சேமி'யை அழுத்தினார்.

"அடச்சே! எல்லாம் போச்சே!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இப்ப புது ஆப்பத் தொறங்க சார்" என்று அண்ணி குனிந்து சொன்னார்.

கீழே சூப்பர்வைசர் வெகு நேரம் என்னவோ தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் மூச்சு வாங்க ஏறி வந்து, தரையில் கால் வைத்து, பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். மேலே சிக்னல் கிடைத்ததும், ஆபீசுக்குப் போகிற குறிப்பு அண்ணியின் ஃபோனுக்கும் வந்து மணி அடித்தது. சிமென்ட் பூசிய சுவரின் ஃபோட்டோ. அதன் கீழே குறிப்புக் கட்டத்தில் இப்படி இருந்தது: 'கசிவு அடைக்கப்பட்டுள்ளது. பழைய பக்கம் என் கண்ணெதிரே அழிந்தது. போன தடவை இவர் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆப் ஸ்டோருக்கு வர இன்னும் பதினான்கு நாள் ஆகட்டும்.'

அண்ணி அதை இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் சரியா வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார் சூப்பர்வைசர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"ஒரு எழுத்து விடாம வந்திருக்கு சார்" என்று சொல்லும்போதே அண்ணிக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது.