மடியில் வைத்த டிபன் கேரியர்

எண்பதுகளின் தொடக்கம். பினாங்குத் துறைமுகத்தருகே ஒரு கப்பல் நிறுவனத்தில் தட்டச்சராக இருந்தேன். ஞாயிறு தோறும் கோயில் மகளிர் குழுவோடு ஜார்ஜ்டவுன் மருத்துவமனை ஒன்றுக்குப் போவேன். அங்கே ஒரு வார்டில், முதுகுத்தண்டு அடிபட்ட முன்னாள் ராணுவ வீரர்கள் இருந்தார்கள். சாப்பாடு கொடுப்போம், கடிதம் எழுதித் தருவோம். இடுப்புக்குக் கீழே அவர்களுக்குச் சூடோ வலியோ தெரியாது, கவனம் என்று முதல் நாளே தாதி எச்சரித்திருந்தார். எல்லாருக்கும் முன்னால் தலையாட்டியவள் நான்தான்.

அவர்களில் ஒருவர் தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்துத் தம்பி. எல்லைக் காட்டில் லாரி கவிழ்ந்து முதுகு உடைந்தவர். அடுத்த ஞாயிறு தங்கைக்குக் கல்யாணம். தங்கை கையில் பொரியிட அண்ணன் வேண்டுமே! அதற்காகவே இரண்டு மாதமாகச் சக்கர நாற்காலியில் உட்காரப் பழகினார். டாக்டரும் ஒரு நாள் விடுப்புக் கொடுத்துவிட்டார்.

எனக்கு எதிலும் அவசரம். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கியதும் டிபன் கேரியரில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நாற்காலியைத் தள்ள இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அதை அவர் மடியில் வைத்தேன். அது மடியிலேயே இருக்க, வராந்தாவில் அரைமணி நேரம் தங்கையைப் பற்றிக் கேலி பேசிச் சிரித்தார். பிறகு இரண்டு கிண்ணம் பாயசம் குடித்தார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை அவருக்குப் புது வேட்டியோடு போனேன். இரண்டு தொடையிலும் கட்டு, நல்ல காய்ச்சல். சூடுபட்ட புண் சீழ் பிடித்துவிட்டதாம், விடுப்பு ரத்தாம். சூடான தேத்தண்ணியைத் தானே கவிழ்த்துக்கொண்டதாக அவர் சொன்னார் என்றார் தாதி. அவர் மடியில் நான் வைத்த டிபன் கேரியர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தாதி நகர்ந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"சொல்லிடாதீங்க அக்கா. அப்புறம் ஒங்க ஆளுங்கள உள்ள விட மாட்டாங்க. மத்தவங்களுக்கு யாரு வருவா? எனக்கு வலிக்கல லா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அவருக்காகத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன், உண்மையில் எனக்குப் பயம்.

மறுநாள் பெரியப்பா மகன் யாரோ பொரியிட்டாராம். இன்றும் கல்யாண வீட்டில் பொரியிட அண்ணனைக் கூப்பிட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அன்று தாதியிடம் "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒருவேளை உட்கார்ந்து பார்க்க முடிந்திருக்கும்.