பிறக்காத பிள்ளைக்கு வசம்பு வளையல்

ஐப்பசியில் தஞ்சாவூர் போனேன். பெரிய கோயிலைப் பார்க்க அல்ல. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த வசந்தி கூப்பிட்டாள். அவள் தங்கை கவிதா குவைத்தில் ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் பிடுங்கி வைத்துக்கொண்டார், வெளியே விடுவதில்லை. பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் போனில் எப்போதாவது பேசுகிறாள். அவளை மீட்டுத் தரச்சொல்லி மனு கொடுக்க, துணைக்குத்தான் போனேன். சுற்றுலாத் தகவல் தேடி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், வழியையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர். அங்கிருந்து ஒரத்தநாட்டுக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம், இருபத்துமூன்று கிலோமீட்டர் இருக்கும். பிறகு வசந்தியின் ஊருக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வழியெங்கும் சம்பா நட்ட வயல்கள், வாய்க்கால் நிறையத் தண்ணீர். கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் வயலில் பெண்களைக் காணோம், நடவு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள் கவிதா. அந்த வேலை போனபோதுதான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் வந்தார்.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். பத்தாவது தேறாத, முப்பது வயது நிறையாத பெண்ணை வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போக அரசு அனுமதிப்பதில்லை. பெண்களுக்குப் பாதுகாப்பாம். கவிதாவுக்கு இருபத்துநாலு. ஏஜென்ட் சிரித்துக்கொண்டே சுற்றுலா விசா எடுத்துக் கொடுத்தார். விமான நிலையத்தில் கேட்டால், "அங்கே அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கு, பார்க்கப் போறேன்" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் பாடம்.

கவிதாவின் அம்மா ஊர் வழக்கம் தெரிந்தவர். பிள்ளை பார்க்கப் போகிறவள் வெறுங்கையோடு போனால் யார் நம்புவார்கள்? வசம்பு வளையல், உரைமருந்து, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள் என்று ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார். இல்லாத பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. விமான நிலையத்தில் கவிதா அந்தப் பையைக் கவுண்டர் மேல் வைத்ததும் வசம்பு மணம் தூக்கியதாம். அங்கிருந்த அதிகாரி, பிள்ளை ஆணா பெண்ணா என்று விசாரித்துவிட்டு முத்திரை குத்தினாராம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வசந்தி, அவள் அம்மா, நான் மூவரும் அலுவலகத்தில் இருந்தோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர். அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அதனால் யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. வேலைக்கென்று பதிவு செய்து போயிருந்தால் ஒப்பந்தம் இருக்கும், காப்பீடு இருக்கும், அந்த வீட்டுக்காரரைக் கேட்கவும் வழி இருக்கும் என்று விளக்கினார். பிறகு, "ரெக்கார்டுபடி உங்க பொண்ணு வேலைக்கே போகலைம்மா. விருந்தாளியாத்தான் போயிருக்காங்க" என்றார்.

அம்மா, "விருந்தாளியை யாராச்சும் உள்ள வச்சுப் பூட்டுவாங்களா சார்?" என்றார்.

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். வேலைக்குத்தான் போனாள் என்று எழுதிக் கொடுங்கள், தூதரகத்துக்கு அனுப்பிவைக்கிறேன் என்றார். வசந்தி தயங்கினாள். அப்படி எழுதினால் விமான நிலையத்தில் சொன்னது பொய் என்று ஆகும். நாளைக்குத் தங்கை மேல் வழக்கு வந்தால்? அம்மாதான் முடிவு செய்தார். "பொய் சொல்லி அனுப்புனது நான்தான்னு எழுது. அவ வந்தாப் போதும்."

முன்வாசலைச் சாத்திவிட்டு, கொல்லைவாசல் வழியாகப் போனவளை எங்களுக்குத் தெரியாது என்று சொல்வதற்குப் பெயர் பாதுகாப்பா? அந்த ஏஜென்ட் இன்னும் வசந்தி வீட்டுத் தெருவிலேயே பைக்கில் போய்க்கொண்டிருக்கிறார். எங்களைப் பார்த்து ஹார்ன் வேறு அடித்தார். மனு கொடுத்தாயிற்று. இதை எழுதும்வரை கவிதா வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசியில் குடை கட்டாயம், மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணோ, உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணோ வெளிநாடு கிளம்பினால் விசாவை வாங்கிப் பாருங்கள். வேலை விசா இல்லையென்றால் அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட்டைப் படமெடுத்து வையுங்கள். வேலை செய்யப்போகும் வீட்டின் முகவரி கையில் இல்லாமல் வழியனுப்பாதீர்கள்.

வாங்கி வர அங்கே என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். திரும்பும்போது ஒரத்தநாடு கடைத்தெருவில் நாட்டுமருந்துக் கடை ஒன்றில் நின்றேன். சென்னையில் என் அண்ணிக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. வழியனுப்ப வந்த வசந்தியின் அம்மாவும் பக்கத்தில் நின்றார். வசம்பு வளையல் ஒன்று கேட்டேன். கடைக்காரர் என் தோளில் தொங்கிய பயணப்பையைப் பார்த்தார். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

"எந்த நாட்டுக்குங்க?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் அவரே நாலு வளையலை எடுத்துக் காகிதத்தில் மடித்தார். "ஒண்ணு பத்தாதுங்க. பை மணந்தாத்தான் நம்புவாங்க."