ஒன்பதாம் எண் வீட்டுக் கைப்பிடி

நோரீன் டாப்செல் தன் சுவர்க்கடிகாரத்தை இருபத்திரண்டு வருஷம் ஃபிரிட்ஜின் தலையில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபது வருஷம் இஸ்திரி போட்டு முடித்ததற்காகக் கொடுத்த கடிகாரம் அது. அங்கே நேராக நிற்காது, சாயும். பின்னால் ஒரு மாவு டின்னை முட்டுக் கொடுத்திருந்தாள். சுவரில் மாட்டாததற்குக் காரணம், வாடகை ஒப்பந்தத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் அந்த வரியைப் படித்ததே இல்லை. நோரீன் படித்தாள். படித்ததை மதித்தாள். அவளுக்கு நேர்ந்த எல்லாமே அதிலிருந்து தொடங்கியது என்பேன்.

சிட்னியின் ஆஷ்ஃபீல்டில் செங்கல் கட்டடம், மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. நான் ஐந்தாம் எண்ணில் வாடகைக்கு இருந்தேன், அவள் எனக்கு நேர் மேலே ஒன்பதாம் எண்ணில். புரோக்கன் ஹில் சுரங்க ஊரில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் சிட்னி வந்தாள், ஒரு கல்யாணம் செய்துகொண்டாள், அது எட்டு வருஷம் தாங்கியது. அதன் பிறகு பதினொரு வீடு மாறினாள். ஒன்று விற்கப்பட்டது, ஒன்று இடிக்கப்பட்டது, ஒன்றில் உரிமையாளரின் மகள் குடிவந்தாள். ஒன்பதாம் எண்ணுக்கு வந்தபோது வயது ஐம்பத்தொன்று. இனி மாறக் கூடாது என்று முடிவெடுத்து, அதற்கு ஒரே வழி கண்ணில் படாமல் இருப்பதுதான் என்று நினைத்துக்கொண்டாள். குழாய் சொட்டினால் அடியில் துணி வைப்பாள். ஜன்னல் மூடவில்லை என்றால் காகிதம் மடித்துச் செருகுவாள். எதையும் கேட்டு எழுதியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வீட்டை நிர்வகிக்கும் ஏஜென்சிக்காரர்கள் சோதனைக்கு வரும் வாரத்தில் மட்டும் அவளை யாரும் பேச்சுக்கு இழுக்க முடியாது. மண்டியிட்டு அடுப்பின் ஓவனுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரே ஒரு முறை தகராறு வந்தது. சமையல் மேடையில் ஒரு விரிசல். அவள் வருவதற்கு முன்பே இருந்தது. ஆனால் குடிவந்த முதல் வாரத்தில் நிரப்பித் தர வேண்டிய வீட்டு நிலவர அறிக்கையில் அவள் அதைக் குறிக்கவில்லை. பதினைந்து வருஷம் கழித்து வந்த ஏஜென்ட் கையில் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு, இதில் இல்லை, எனவே நீங்கள் செய்ததுதான் என்றான். மூன்று கடிதம் வந்தது. அந்த விரிசலை அவள் கடைசிவரை ஒரு பலகையால் மூடியே வைத்திருந்தாள்.

எழுபத்து மூன்றாம் வயதில், ஒரு மே மாதக் காலையில், குளித்துவிட்டுத் தொட்டியிலிருந்து காலைத் தூக்கி வெளியே வைக்கும்போது விழுந்தாள். எங்கள் கட்டடத்தில் ஷவர் தொட்டிக்கு மேல்தான் இருக்கும், விளிம்பு முழங்கால் உயரம். பிடித்துக்கொள்ள ஷவர் திரையைத் தவிர வேறில்லை. ஷாம்பு பாட்டிலால் அவள் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தது எனக்குக் கீழே கேட்டது. சாவி என்னிடம் இருந்தது. போய்ப் பார்த்தேன், வலது கால் வெளிப்பக்கம் திரும்பி, மற்றதைவிடக் குட்டையாகக் கிடந்தது. இருபத்தேழு வருஷம் முதியோர் இல்லங்களில் வேலை பார்த்தவளுக்கு எக்ஸ்ரே தேவையில்லை.

இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அவள் நன்றாகத்தான் தேறினாள். நல்ல கால் முதலில் ஏறும், கெட்ட கால் முதலில் இறங்கும் என்று பழகிக்கொண்டு மூன்றாம் வாரமே ஆஸ்பத்திரியின் இரண்டு மாடி ஏறி இறங்கிக் காட்டினாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டைப் பார்த்துச் சொல்ல வந்த சிகிச்சைப் பெண் குளியலறை வாசலில் நின்றுவிட்டாள். தொட்டிக்கு மேல் சுவரில் திருகிய கைப்பிடிக் கம்பி ஒன்று வேண்டும், அது இல்லாமல் இங்கே அனுப்ப முடியாது என்றாள். அவள் சொன்னது சரி. கம்பி இல்லையென்றால் முதியோர் இல்லம். அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டும் என்று வார்டில் இரண்டு வாரக் கெடு வைத்தார்கள்.

"அங்க போயிட்டா நான் திரும்ப வர மாட்டேன்," என்றாள் நோரீன், கட்டிலில் உட்கார்ந்து ஜெல்லியைக் கரண்டியால் குத்திக்கொண்டே. "நீயேதான சொல்லியிருக்க, கிளெனிஸ். தற்காலிகம்னு வந்தவங்கள்ல எத்தன பேர் திரும்பிப் போனாங்க?"

நான் வேலை பார்த்த வருஷங்களில் இரண்டு பேர். அவளிடம் எண்ணைச் சொல்லவில்லை.

ஏஜென்சிக்கு நான்தான் எழுதினேன், சிகிச்சைப் பெண்ணின் கடிதத்தையும் சேர்த்து. கேட்டது ஒரு கம்பி. செலவு எங்களுடையது. ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது: பழைய டைல்ஸ், அதே மாதிரி இப்போது கிடைக்காது, தண்ணீர் உள்ளே இறங்கும், உரிமையாளர் யோசிக்கிறார். அந்த உரிமையாளரை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நான் போன் செய்தேன். அப்போதைய ஏஜென்ட் பெயர் ட்ரிஸ்டன். எட்டு மாதத்துக்கு ஒருவர் மாறுவார்கள், அந்த வரிசையில் இவன்.

"கிளெனிஸ், உங்க கவலை எனக்குப் புரியுது," என்றான். "சுவத்துல ஒட்டிக்கிற ரப்பர் கைப்பிடி விக்கிறாங்களே, அதப் போட்டுக்கச் சொல்லுங்க. ஓட்டையே வேணாம்."

"அது எப்படிக் கழண்டு வரும்னு நான் பாத்திருக்கேன், தம்பி. ஆளோட சேந்து வரும்."

"நோரீனுக்கு இன்னும் வசதியான எடத்துக்குப் போக இது ஒரு வாய்ப்பா இருக்கலாம்ல?"

போனை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

வாடகைதாரர்களுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகத்தில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். இப்படிப்பட்ட சிறிய விஷயத்தைக் காரணமில்லாமல் மறுக்க உரிமையாளருக்குச் சட்டத்தில் இடமில்லையாம். தீர்ப்பாயத்துக்குப் போனால் நோரீன்தான் ஜெயிப்பாளாம். ஆனால் அந்த நாளில் இன்னொரு சட்டமும் இருந்தது: எந்தக் காரணமும் சொல்லாமல் தொண்ணூறு நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியே அனுப்பலாம். முதல் சட்டத்தைக் கையில் எடுத்தால் இரண்டாவது சட்டம் வீட்டு வாசலுக்கு வரும். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவர்கள் யாரும் வாடகை வீட்டில் ஒரு நாளும் இருந்திருக்க மாட்டார்கள்.

கெடுவில் ஐந்து நாள் மிச்சம். நான் வார்டுக்குப் போய் நோரீனிடம் நேரே கேட்டேன். ஓட்டை போட்டால் பின்னால் தொல்லை வரும், போடாவிட்டால் இல்லம், எது என்று. அவள் போர்வையின் ஓரத்தை இஸ்திரி போடுவது போல உள்ளங்கையால் நீவினாள்.

"டைல்ஸ ஒடைச்சிராதடி," என்றாள் கடைசியில்.

உடைக்கவில்லை. டைல்ஸில் டேப் ஒட்டி, அதன் மேல் குறி வைத்து, கண்ணாடியைத் துளைக்கும் கூர்முனை போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மெதுவாகத் துளைத்தேன். பின்னால் முழுச் செங்கல். நல்ல பிடி. நான்கு ஓட்டை, நான்கு திருகு, சுற்றிலும் நீர் இறங்காமல் சிலிகான் பூச்சு. நான் எழுபத்தெட்டுக் கிலோ. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். மறுநாள் சிகிச்சைப் பெண் வந்து இழுத்துப் பார்த்தாள், யார் போட்டது என்று கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை நோரீன் தன் இரண்டு மாடிகளையும் தானே ஏறி வந்தாள்.

ஆகஸ்டில் சோதனை. ட்ரிஸ்டன் கம்பியை நான்கு கோணத்தில் படம் எடுத்தான். அந்த வாரமே ஒப்பந்த மீறல் கடிதம்: குடிவந்த நிலவர அறிக்கையில் இப்படி ஒரு கம்பி இல்லை, பதினான்கு நாளுக்குள் அகற்றிச் சுவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆலோசனைப் பெண் பதில் எழுதிக் கொடுத்தாள், சட்டப் பிரிவின் எண்ணோடு. ஏஜென்சி வாயை மூடிக்கொண்டது. நோரீன் ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கேக் செய்து எடுத்து வந்தாள். அந்த இரண்டாவது சட்டத்தை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். ஐந்து வாரம் கழித்துத் தொண்ணூறு நாள் நோட்டீஸ் வந்தது. காரணம் என்ற இடம் காலி.

அவள் அழவில்லை. நோட்டீஸை மாவு டின்னுக்குப் பின்னால் செருகிவிட்டு, ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வாடகை பாக்கி வெச்சதில்ல. ஒரு ஆணி அடிச்சதில்ல," என்றாள். "எல்லாம் ஒழுங்கா இருந்தா விட்ருவாங்கன்னு நெனச்சேன் பாரு."

சனிக்கிழமைதோறும் வீடு பார்க்கப் போனோம். கால் மணி நேரம் திறந்து வைப்பார்கள், நாற்பது பேர் படிக்கட்டில் வரிசை. தள்ளுநடை வண்டியோடு எழுபத்து மூன்று வயதுக்காரி வந்தால் ஏஜென்ட்டுகள் புன்னகைப்பார்கள். அந்தப் புன்னகைக்கு என்ன பொருள் என்று படிவம் திரும்பி வரும்போது தெரியும். பதினேழு வீட்டுக்கு எழுதிப் போட்டோம். கடைசியில் ஒன்பது ஸ்டேஷன் தள்ளி கிரான்வில்லில் ஒன்று கிடைத்தது. தரைத்தளம், இருட்டு, பின்னால் ரயில் பாதை. அதிலும் தொட்டிக்கு மேல் ஷவர். அதிலும் கம்பி இல்லை.

கிளம்பும் வாரம் நோரீன் தன் வீட்டின் விளம்பரத்தை இணையத்தில் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். குளியலறைப் படத்தில் நடுநாயகமாக என் கம்பி பளபளத்தது. கீழே ஒரு வரி: மூத்தோருக்கும் ஏற்ற குளியலறை.

நான் ட்ரிஸ்டனுக்குப் போன் செய்தேன்.

"அத அப்படியே விட்ருங்க, கிளெனிஸ்," என்றான். "ஓனருக்கு இப்ப ஆட்சேபன இல்ல."

"கழட்டச் சொல்லி உங்க கையெழுத்துல கடிதம் இருக்கு. பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கீங்க."

"அது அப்போ."

"இப்ப தேதி போட்டு இன்னொண்ணு எழுதிக் குடுங்க. ஒன்பதாம் எண்ணுல நோரீன் இன்னும் பத்து வருஷம் இருக்கலாம்னு. கம்பி அங்கயே இருக்கும்."

அவன் சிரிக்க முயன்றான். நான் வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். நான்கு திருகையும் கழற்றி, நான்கு ஓட்டையையும் வெள்ளைச் சிலிகானால் அடைத்து, விரலால் வழித்துவிட்டேன். நல்ல வேலை. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கிரான்வில் சாவி கைக்கு வந்த அன்று, சாமான் வண்டி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நாங்கள் அங்கே இருந்தோம். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டேப், தண்ணீர், துளை, திருகு. தொங்கிப் பார்த்தேன். பிறகு நோரீன் சமையல் மேடையில் சாய்ந்தபடி புது நிலவர அறிக்கையை விரித்தாள். முதல் வாரத்துக்குள் குடிவந்தவர் திருத்தித் தர வேண்டிய அதே படிவம். இந்த வீட்டு ஏஜென்ட் ஏற்கெனவே எல்லா அறைக்கும் ஒரே மாதிரி டிக் போட்டிருந்தார். அந்த வீட்டுக்குள் அவர் நடந்தாரா என்பதே சந்தேகம். இந்த முறை நோரீன் எதையும் விடவில்லை. ஜன்னல் கீறல், கதவுப் பிடியின் ஆட்டம், மேடையில் மூன்று விரிசல் எல்லாம் எழுதினாள். குளியலறை என்ற தலைப்புக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு தன் இஸ்திரிக்காரக் கையெழுத்தில் நேராக எழுதினாள்: தொட்டிக்கு மேல் கைப்பிடிக் கம்பி ஒன்று, உறுதியாக உள்ளது.

"டிரில்ல எடுத்து உள்ள வெச்சுட்டியா?" என்றாள்.

"இல்ல."

"அப்போ அந்தக் கடிகாரத்துக்கும் ஒண்ணு போடு."

போட்டேன். வரவேற்பறைக்குக் கீழே அவள் எழுதினாள்: சுவரில் கொக்கி ஒன்று.

படிவம் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. யாரும் படிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து முதல் சோதனைக்கு வந்த பெண் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். லூசாகிவிட்டால் உடனே சொல்லுங்கள், அது ஓனர் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நோரீன் போனில் இதைச் சொல்லி மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒழுங்காக இருந்து, முறைப்படி கேட்டு, சிகிச்சைப் பெண்ணின் கடிதத்தோடு உண்மையைச் சொன்னவளை வெளியே தள்ளினார்கள். ஒரு வரி பொய் எழுதினாள், இருக்கவிட்டார்கள். ஒன்பதாம் எண்ணில் இப்போது வேறு ஒருத்தி குடியிருக்கிறாள், அறுபதுக்கு மேல் இருக்கும். படத்தைப் பார்த்துத்தான் வந்தாளாம். கம்பி எங்கே என்று ஏஜென்சியைக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறதாம். போன வாரம் என் கதவைத் தட்டி, டிரில் இருக்கிறதா என்று கேட்டாள்.