அதே கோட்டில் திரும்பிய விமானம்

தொண்ணூறுகளில் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் ஒரு வான்வழி அளவைக் கம்பனியில் வேலை செய்தேன். வடதுருவப் பனி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்க, விமானம் முந்தைய வருடம் பறந்த அதே கோட்டில் பறக்கவேண்டும். ஜிபிஎஸ் திரையைப் பார்த்து விமானிக்கு வழி சொல்பவன் நான்.

ஒருநாள் கோடு விலகிவிட்டதால் கடந்த இடத்துக்கே தாழ்வாகத் திரும்பி வந்தோம். கீழே கடலோரப் பனியில் ஒரு குடும்பம் நின்றது. யாழ்ப்பாணத்தில் குண்டு போட்டு என் அக்காவைக் கொன்ற விமானமும் இப்படித்தான் திரும்பி வந்தது.

ரொறன்ரோ வந்து மனைவியிடம் சொன்னேன்.

“அவையள் பயந்து ஓடினவையோ?”

“இல்லை. சிரிச்சுக் கை காட்டினவை.”

“பிறகேன் அழுறியள்?”

“முதல் தரம் வரேக்க அக்காவும் கை காட்டினவ.”

அடுத்த வருடமும் அதே கோட்டில் பறந்தேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.