இனெஸின் அறையில் ஒரு பச்சோந்தி

கெர்லிட்ஸ் நகரத்தில் இருபத்திரண்டு வருஷமாக டிராம் ஓட்டுகிறவர் சில்வியோ நோவாக். வாயைப் பிடுங்கினாலும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. காலையில் போன தண்டவாளத்திலேயே மத்தியானம் திரும்பி வருவார், உருளைக்கிழங்கை வேகவைத்து ஆளிவிதை எண்ணெய் ஊற்றித் தின்பார், தூங்குவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு பச்சோந்திக் குட்டிக்கு வீடு கட்ட ரம்பமும் கையுமாக உட்கார்ந்தார் என்றால், அது மகளை வீட்டுக்குத் திரும்ப வரவைக்கத்தான்.

மகள் தபேயாவுக்குப் பதினைந்து வயது. மார்ச் மாதம் அவள் அம்மா இனெஸ் நுரையீரல் நோயில் இறந்துபோனாள். அடுத்த வாரமே தபேயா லைப்சிக்கில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாள். அம்மா படுத்திருந்த அறைப் பக்கம் தலைவைத்தும் பார்க்கமாட்டாள். கூடத்து சோபாவில் சுருண்டுகொள்வாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறிவிடுவாள். ஏன் என்று சில்வியோவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பனைக் கொண்டு பிறந்தவள்தானே.

அக்டோபரில் ஒருநாள் அவள் கைபேசியில் பச்சோந்தி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். வேணுமா என்று கேட்டார். பெரியம்மா பூச்சி புழு என்றாலே அலறுவாள், அங்கே வளர்க்க முடியாது என்றாள். அப்படியானால் இங்கே வளர்க்கலாமே என்றார். எந்த அறையில் என்று கேட்டாள். காலை வெயில் வருகிற அறை அந்த வீட்டில் ஒன்றுதான், அது இரண்டு பேருக்குமே தெரியும்.

தபேயா கைபேசியைக் கீழே வைத்தாள். "முதல்ல கூண்டு ரெடி பண்ணு. அது அந்த ரூம்ல நல்லபடியா இருந்துச்சுன்னா, பிப்ரவரியில அரைவருஷப் படிப்பு முடிஞ்சதும் நானும் வந்துடுறேன்."

அவ்வளவுதான். மனிதர் மறுநாளே லீவு போட்டார்.

பவுட்சன் பக்கத்துக் கிராமத்தில் மார்லீஸ் என்ற பெண்மணி யேமன் பச்சோந்திகளை வளர்த்துக் கொடுக்கிறாள். கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிடமாட்டாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் கேட்பதுபோல ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். வீட்டில் பூனை உண்டா, வேலைக்குப் போனால் எத்தனை மணி நேரம், அறையில் கண்ணாடி இருக்கிறதா. கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்தால் எதிரி என்று நினைத்து அது சாப்பிடாமல் கிடக்குமாம்.

"கொஞ்சலாம், தடவலாம்னு வாங்குறீங்கன்னா ஒரு முயல் வாங்கிட்டுப் போங்க" என்றாள். "உங்க மூஞ்சியப் பாக்காத நாள்தான் இதுக்கு நல்ல நாள். தலைக்கு மேல உயரத்துல வைங்க, ஒளிஞ்சுக்க இலை குடுங்க, அப்புறம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நிற்பதில் சில்வியோ கெட்டிக்காரர். அதுதான் அவர் வாழ்க்கையின் கஷ்டமே.

கூண்டைக் கடையில் வாங்கியிருக்கலாம். அவர் இனெஸின் துணி அலமாரியை எடுத்துக்கொண்டார். சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைக்கவே ஒரு முழு சனிக்கிழமை ஆயிற்று. பிறகு கதவுகளைக் கழற்றி வலை அடித்தார், பக்கத்துப் பலகைகளை அறுத்து அங்கேயும் வலை வைத்தார். குட்டிக்கு அரண்மனை கொடுத்தால் இரையைத் தேடியே மெலிந்துபோகும் என்று மார்லீஸ் சொல்லியிருந்ததால் நடுவில் ஒரு பலகை போட்டு மேல்பாதியை மட்டும் அதற்கு ஒதுக்கினார். பென்சில் பருமனில் கிளைகள், கால் பிடித்துக்கொள்ள. வெயிலுக்கு ஒரு விளக்கு, சூட்டுக்கு ஒரு விளக்கு, சூட்டு விளக்கு வலைக்கு வெளியே, ஏறித் தொட்டுச் சுட்டுக்கொள்ளாதபடி. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அதற்குத் தண்ணீர் என்றே தெரியாது, இலையில் துளி நின்றால்தான் நக்கும். அதற்காக ஒரு தெளிப்பான். இலைக்கு, இனெஸ் வளர்த்த ஃபைக்கஸ் செடியையே தொட்டியோடு உள்ளே வைத்தார். அவள் போன பிறகு அதற்கு யாரும் ஒழுங்காகத் தண்ணீர் விட்டதில்லை, ஆனாலும் பிழைத்துக் கிடந்தது.

கடைசியாக மார்லீஸ் எழுதிக் கொடுத்த தாளில் இரண்டு அடிக்கோடு போட்ட வரி ஒன்று இருந்தது. குளிர்காற்று நேராக அடிக்கக் கூடாது.

இதைத்தான் இந்த ஊர்க்காரர்களிடம் சொல்லக் கூடாது. எதில் விட்டுக்கொடுத்தாலும் ஜன்னல் திறப்பதில் விட்டுக்கொடுக்காத ஜனங்கள் இவர்கள். வெளியே பனி கொட்டட்டும், மூக்கு உறையட்டும், காலையில் எழுந்ததும் ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை ஆவென்று திறந்து பத்து நிமிஷம் வீட்டுக்குக் காற்று காட்டினால்தான் அவர்களுக்குப் பொழுது விடிந்த மாதிரி. வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். இனெஸுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகு அந்தப் பத்து நிமிஷம்தான் அவளுடைய நாளிலேயே நல்ல பொழுது. "ஜன்னல்" என்பாள், வேறொன்றும் சொல்லமாட்டாள். சில்வியோ எழுந்து திறப்பார். இரண்டு வருஷம், தினமும், வேலைக்குக் கிளம்பும் முன்.

அவள் போன நாளன்று அவர் டிராமில் இருந்தார். தபேயாதான் கூட இருந்தாள். அவர் ஓடிவந்து சேர்ந்தபோது, வீட்டுக்கு வந்து கவனித்துக்கொள்ளும் நர்ஸ் அப்போதுதான் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். உயிர் வெளியே போக வழி வேண்டும் என்று இங்கே யார் இறந்தாலும் திறப்பார்கள். பிறகும் அவர் தினமும் காலையில் அந்த ஆளில்லாத அறைக்குப் போய்த் திறந்துகொண்டுதான் இருந்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் குட்டி வந்தது. சுண்டுவிரல் நீளம், வால் தனி. தபேயாவே பெட்டியை மடியில் வைத்து எடுத்துவந்தாள். அறை வாசலில் ஒரு கணம் நின்றாள், பிறகு உள்ளே போனாள். ஒன்பது மாதத்தில் முதல்முறை. சில்வியோ சமையலறையில் நின்று காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தார், அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

குட்டி முதலில் பழுப்பாக இருந்தது. ஃபைக்கஸ் இலைக்குள் போய் ஒளிந்தது. ஒரு மணி நேரம் கழித்து மெல்லப் பச்சையானது. நம் பேச்சில் பச்சோந்தி என்றால் ஆளுக்குத் தகுந்தபடி நிறம் மாற்றும் வேஷக்காரன். பாவம், அதற்கு வேஷமே தெரியாது. குளிர்ந்தால் கறுக்கும், பயந்தால் கறுக்கும், நிம்மதியானால் பச்சை. உள்ளே இருப்பதை மறைக்கத் தெரியாத பிராணி அது.

தபேயா அதற்கு கூர்க்கெ என்று பெயர் வைத்தாள். வெள்ளரிக்காய் என்று அர்த்தம். அன்றைக்குச் சோபாவை விட்டுவிட்டு அந்த அறையிலேயே மெத்தை போட்டுப் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, இந்த அறை ஜன்னலை மட்டும் தொடாதே, காற்று வேண்டுமென்றால் கூடத்தில் திறந்துகொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் சரி என்றார். ஆறு வாரம் சொன்னபடியே இருந்தார். சிள்வண்டுக் குஞ்சுகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிப் போடுவார், கூர்க்கெ நாக்கை நீட்டுகிற கணத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்புவார். அவளிடமிருந்து தினமும் பதில் வந்தது. ஆயுளில் அவர்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி இனெஸின் பிறந்தநாள். காலை நாலரைக்கு எழுந்தார். பாதித் தூக்கம், மனசு முழுக்க அவள். நேராக அந்த அறைக்குப் போனார், ஹீட்டரைத் திருகி அணைத்தார், ஜன்னலை விரியத் திறந்தார். இரண்டு வருஷம் செய்த வேலை, கைக்குத் தெரியும். காபி போடப் போனபோது டெப்போவிலிருந்து போன். தண்டவாளம் பிரிகிற இடம் பனியில் உறைந்துவிட்டது, ஒரு ஆள் வரவில்லை, உடனே வா. கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி.

ஞாபகம் வந்தது பன்னிரண்டரை மணிக்கு, கடைசி நிறுத்தத்தில். கதவைத் திறந்தார், குளிர்காற்று உள்ளே வந்து முகத்தில் அடித்தது, அப்போதுதான். டிராமை நடுவழியில் விட்டுவிட்டு எப்படிப் போவது? மாற்று ஆள் கேட்டார், இல்லை என்றார்கள். இன்னும் ஒரு முழுச் சுற்று ஓட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்தார், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தக் காற்று.

வீட்டுக்கு வந்தபோது கூர்க்கெ சூட்டு விளக்குக்கு நேர்கீழே வலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கரியாகக் கறுத்திருந்தது. பட்டப்பகலில் கண்ணை மூடியிருந்தது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு டிரெஸ்டனில் இருக்கிற விலங்கு மருத்துவமனைக்குக் காரை ஓட்டினார். ஊசி போட்டார்கள், நுரையீரலில் சளி கட்டிவிட்டது, இவ்வளவு சின்ன உயிர், பார்ப்போம் என்றார்கள். நுரையீரல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று தபேயாவுக்குப் போன வாரப் படம் ஒன்றை அனுப்பினார். மறுநாள் இன்னொன்று. அவள் சிரிக்கிற முகம் அனுப்பினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கூர்க்கெ வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கி இறந்துபோனது. வெள்ளிக்கிழமை தபேயா வருகிற நாள்.

டெப்போவில் கூட வேலை செய்கிற ரோனி நல்ல மனசுக்காரன், குறுக்கு வழியும் தெரிந்தவன். "இதுக்குப் போயி ஏன்யா இப்படி உக்காந்திருக்க? அதோட கூடப் பொறந்தது ஒண்ணு வாங்கி வச்சிரு. ரெண்டு வெள்ளரிக்காய்க்கு யாருய்யா வித்தியாசம் கண்டுபிடிக்கப் போறா?"

சில்வியோ மார்லீஸுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். அவள் திட்டவில்லை, அதுவே அவருக்குத் தாங்கவில்லை. இன்னும் இரண்டு குட்டி இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். காரில் ஏறிச் சாவியையும் போட்டார். அந்தக் குட்டியை நம்பி மகள் இந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்புறம் தினமும் காலையில் அந்தப் பொய்யை மனசில் வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவ வேண்டும். சாவியை எடுத்துவிட்டு மாடி ஏறினார்.

தபேயா வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் ஓடினாள். விளக்கு அணைந்திருந்தது. சில்வியோ அவள் பின்னால் வந்து நின்றார்.

"நான் ஜன்னலைத் திறந்துட்டேன்" என்றார். "அம்மா பொறந்தநாள் அன்னைக்கு. கை தானாப் போயிடுச்சு. அப்படியே மறந்துட்டு வேலைக்கு ஓடிட்டேன். ஒம்பது மணி நேரம். அதுக்கப்புறம் அனுப்பினதெல்லாம் பழைய படம்."

அவள் கத்துவாள், பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்புவாள் என்று நினைத்தார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவும் இல்லை. கூண்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு அம்மா ஜன்னல்னு சொன்னாங்க. திறந்தேன். எனக்குக் குளிருச்சு. ரெண்டு நிமிஷத்துலயே மூடிட்டு, ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்துடறேம்மான்னு போனேன். திரும்பி வந்தப்போ..."

பத்து மாதம். இந்த அறைப் பக்கம் அவள் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தார். தள்ளி இல்லை, பக்கத்தில்.

"ஜன்னலை மூடினதால அம்மா போகலடா."

"நீ திறந்ததால கூர்க்கெ போச்சுல்ல."

அவருடைய ஜன்னல் கொன்றது, அவளுடையது கொல்லவில்லை, அதுதான் உண்மை. ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பிப்ரவரியைப் பற்றி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

குட்டியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். நிலம் உறைந்து கிடந்தது, புதைக்க முடியவில்லை, ஒரு சிறிய அட்டைப்பெட்டியில் துணி சுற்றி அலமாரியின் கீழ்ப்பாதியில் வைத்திருந்தார். காட்டினார். அவள் விரல் நுனியால் அதன் முதுகைத் தொட்டாள்.

"அது செத்தப்போ ஜன்னல் திறந்தியா?"

"இல்ல. அதுல கை வைக்கவே பயமா இருந்துச்சு."

தபேயா எழுந்து போய்க் கைப்பிடியைத் திருகி ஜன்னலை விரியத் திறந்தாள். ஊரையொட்டிய நைஸ் ஆற்றுப் பக்கமிருந்து பனிக்காற்று வந்து ஃபைக்கஸ் இலைகளை அசைத்தது. கோட்டுப் போட்டிருந்தும் அவள் நடுங்கினாள். அவருக்கும் பல் கிட்டியது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், பதினைந்துகூட இருக்கலாம்.

"மூடிடலாமா?" என்று கேட்டார்.

அவள் ஜன்னல் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

"நீ மூடுப்பா. என்னால முடியாது."

சில்வியோ போய் ஜன்னலை மூடினார்.