குழாயடிக்கு அடித்த மணி

"பாதி வகுப்புல எழுந்து ஓடற பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? பேரை எடுத்துடுங்கோ" என்றார் ஹெட்மாஸ்டர். அறுபதுகளின் தொடக்கம். பம்பாய் மாட்டுங்காவிலிருந்து வந்து தாராவித் தமிழ்ப் பள்ளியில் நான் டீச்சராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன்.

பெண்ணின் பெயர் மைமூன். என் ஆறாம் வகுப்பு. மறுநாள் அவள் ஓடியபோது நானும் பின்னால் போனேன். சந்துக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் ஹண்டாக்கள் வரிசையில் நின்றன. விடிந்ததும் வைத்த ஹண்டாதான் ஆளுக்குப் பதில் நிற்கும். தண்ணீர் வரும்போது ஆள் இல்லாவிட்டால் முறை போய்விடும். வீட்டில் உம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாப்பா தோல் பட்டறையில். மைமூன் உம்மாவைத் தோளில் சாய்த்து முகம் துடைத்து, தண்ணீர் புகட்டி, புரட்டிப் படுக்கவைத்தாள்.

"இதெல்லாம் முடியதுக்குள்ள பள்ளிக்கூடம் விட்டிருது டீச்சர். பேர எடுத்துராதீங்க."

இடைவேளையைக் குழாய் நேரத்துக்கு மாற்றச் சொல்லி ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன்.

"ஒரு பொண்ணுக்காக மணியையே மாத்தணுமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "மாத்தினா மணிக்கு வலிக்குமா சார்?"

சிரித்துவிட்டார், பாவம். "ஒரு நாள் பார்ப்போம். அடுத்த மணிக்கு அவ பெஞ்சுல இல்லேன்னா பேர் போயிடும்."

மணி அடித்தது. மைமூனோடு பாதி வகுப்பே எழுந்து ஓடியது. தினமும் அந்த நேரத்தில் "ஒண்ணுக்குப் போணும் டீச்சர்" என்று மாற்றி மாற்றி நச்சரித்தவர்கள்தான் அத்தனை பேரும். ஹெட்மாஸ்டரும் நானும் பின்னால் போனோம்.

முறை தவறினால் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும் இடம் அது. ஒருத்தி தன் ஹண்டாவைக் காலால் ஒதுக்கினாள். "ஏளா, பள்ளிக்கூட மணி அடிச்சிட்டு. பிள்ளையளுக்கு விடுங்க, நாம பொறவு பிடிப்போம்." மற்ற ஹண்டாக்களும் விலகின. மைமூனிடம், "உம்மாவ நான் பாத்துக்கிடுதேன். நீ ஓடு" என்றாள்.

அடுத்த மணிக்கு மைமூன் நனைந்த பாவாடையோடு பெஞ்சில் இருந்தாள். மற்றவர்களும் இருந்தார்கள்.

"இத்தனை பேரா?" என்றார் ஹெட்மாஸ்டர். அதன் பிறகு அந்த மணி மாறவேயில்லை.

விசாரித்தால், ஒருத்தி வீட்டில் கண் தெரியாத தகப்பன். இன்னொருவன் வீட்டில் காசநோய்க்கார அம்மா. புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளை லேட்டாக வந்தால் "ஏன் லேட்?" என்று கேட்காதீர்கள். "வீட்டில் யாருக்கு முடியவில்லை?" என்று கேளுங்கள். பக்கத்து பெஞ்சிலும் கேளுங்கள்.