நான் விட்டுப் போன நைட்டி

நான் உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் பாதி நாயைப் பற்றியதுதான். "குழந்தை வந்ததும் நாய்க்குப் பொறாமை வரும், பாத்து நடந்துக்கோம்மா" என்று ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள்கூடச் சொன்னார். நாயின் பொறாமையைப் பற்றி இத்தனை பேர் கவலைப்பட்டார்கள். என் பொறாமையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நாய் கடைசிவரை கண்ணியமாகத்தான் நடந்துகொண்டது. வயிறெரிந்து செத்தது நான்தான்.

அவனை நான்தான் கொண்டுவந்தேன். கல்யாணமான புதிதில் ஒரு மழை நாள். மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம் நிறுத்தியிருந்த காருக்கடியில் கிடந்து கத்திக்கொண்டிருந்தான். துப்பட்டாவில் சுற்றி ஆட்டோவில் மந்தைவெளி வீட்டுக்கு எடுத்துவந்தேன். செவலை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியே இருக்கும், சாதாரணத் தெருநாய். வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், அவருடைய தங்கை. மாமனாரும் மாமியாரும் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். தங்கை எங்களோடுதான் இருந்தாள், லேப்டாப்பும் ஹெட்போனுமாகத் தன் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டு. நாய் என்றால் அவளுக்கு உயிர் போய்விடும். அவன் கூடத்துக்கு வந்தால் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் ஏறிச் சம்மணம் போட்டுக்கொள்வாள். "அண்ணி, ப்ளீஸ், அவனக் கூப்பிடுங்க!" என்று அலறுவாள். நான் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், திரும்பி என் காலடிக்கு வந்துவிடுவான்.

அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே காவல். நான் மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போனால் பின்னாலேயே. என் கணவர் ஊட்டினால்கூட என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். என்னை இப்படி யாரும் அதற்குமுன் தேர்ந்தெடுத்ததில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் என் அம்மாவுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. வளைகாப்பு முடிந்த கையோடு நங்கநல்லூருக்குக் கூட்டிப்போக வந்துவிட்டாள். நாயையும் அழைத்துவருகிறேன் என்றதும் நான் ஏதோ சர்க்கஸ் கூடாரத்தையே கொண்டுவரப் போவதாகச் சொன்னதுபோல் பார்த்தாள். "பச்ச உடம்புக்காரியும் பச்சக் கொழந்தையும் இருக்கற வீட்ல நாயா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" பேச்சு அதோடு முடிந்தது.

அதனால்தான் நைட்டியை விட்டுப் போனேன். ரங்கநாதன் தெருவில் வாங்கியது. பழுப்பு நிறம், வெள்ளைப் பூ, பக்கவாட்டில் ஒரு பாக்கெட். துவைத்துத் துவைத்துப் பூவெல்லாம் மங்கி, துணி மெல்லிசாகியிருந்தது. கிளம்புவதற்குமுன் வேண்டுமென்றே அதைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு திரிந்தேன். போகிற அன்று கழற்றி, அவன் படுக்கும் கோணிமேல் விரித்தேன். என் வாசனை இருக்கும்வரை என்னை மறக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

நங்கநல்லூரில் பத்தியச் சோறும் பூண்டுக் குழம்புமாக நாள் ஓடியது. பெண் குழந்தை பிறந்தது. தினமும் வீடியோவில் அவனைக் காட்டச் சொல்வேன். ஆரம்பத்தில் என் குரல் கேட்டதும் ஃபோனுக்குப் பின்னால் போய்த் தேடுவான், அப்புறம் கதவடிக்கு ஓடுவான். நான் ஃபோனை வைத்துவிட்டு அழுவேன். "பால் கட்டிக்கப் போவுது, அழாத" என்பாள் அம்மா. பிறகு மெல்ல மெல்ல அவன் ஓடுவது குறைந்தது. ஒருநாள் என் குரலுக்குக் காதை மட்டும் அசைத்துவிட்டுப் படுத்தே இருந்தான். எதன்மேல் தலைவைத்துப் படுத்திருக்கிறான் என்று உற்றுப் பார்த்தேன். நாத்தனாருடைய கால்.

"பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன்.

"இப்பல்லாம் இல்ல அண்ணி" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

குழந்தைக்கு அஞ்சாம் மாசம் பிறந்ததும் வீட்டுக்கு வந்தோம். ஆரத்தித் தட்டோடு வாசலில் நாத்தனார் நின்றாள். நாயை அறையில் அடைத்துவைத்திருந்தார்கள். திறந்துவிட்டதும் பாய்ந்து வந்தான். மேலே விழுந்தான், ஊளையிட்டான், சுற்றிச் சுற்றி வந்தான், சந்தோஷத்தில் தரையை ஈரமாக்கினான். மறக்கவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் அழுதேன், குழந்தை அழுதது, என் கணவர் செல்ஃபோனில் படம் எடுத்தார். அப்போது நாத்தனார், "போதும்டா, வா" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. அவன் என்னை விட்டுவிட்டு அவள் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவள் தன் அறையிலிருந்து வந்தபோது என் பழுப்பு நைட்டியைப் போட்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நாயை எடுத்துக்கொண்டது போதாதா, நைட்டியுமா? அதை அப்படியே வாங்கி வெந்நீரில் ஊறப்போட வேண்டும் போலிருந்தது. வெளியே சொல்ல முடியுமா? கிழிசல் நைட்டிக்கு அண்ணி சண்டை போட்டாள் என்றாகிவிடும். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு காபி கலந்தேன். வீட்டு வேலைக்குச் சைதாப்பேட்டையிலிருந்து வரும் அக்கா அதையும் கவனித்துவிட்டது. கையிலிருந்த விளக்கமாற்றை நிறுத்தி, "இன்னாமா, நாய் உன்னக் கண்டுக்கவே மாட்டேங்குது? இப்பல்லாம் அதுக்கு எல்லாமே சின்னம்மாதான். எங்க போனாலும் பின்னாலயே போய்க்கினு கீது" என்றது. நான் சிரித்து வைத்தேன்.

அந்தக் கோடையில் நான் செய்த கூத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, உச்சி வெயிலில் தெருமுனை டீக்கடைக்குப் போய்ப் பொறை வாங்கிவந்து, பாலில் நனைத்து நீட்டுவேன். மரியாதையாக என் கையிலிருந்து வாங்கிக்கொள்வான். வாயில் கவ்விக்கொண்டு நேராக அவள் அறை வாசலுக்குப் போய் அங்கே வைத்துத் தின்பான். குழந்தையும் அவர்கள் கட்சியில் சேர்ந்துகொண்டது. கூடத்தில் தூளி கட்டியிருந்தோம். அவள் ஆட்டுவாள், அவன் அடியில் படுத்திருப்பான். ஒருநாள் அவன் தும்மியதற்குக் குழந்தை வாய்விட்டுச் சிரித்தது. அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அண்ணி, ஓடிவாங்க!" என்று நாத்தனார் கத்தினாள். நான் சமையலறையில் குக்கர் விசிலுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். நான் ஓடிவருவதற்குள் சிரித்து முடித்துவிட்டது. பத்து மாதம் சுமந்தவள் பருப்பு வேகவைக்க, சிரிப்பு வேறொருத்திக்கு.

நாத்தனாருக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு அசோக் நகர். சத்தியமாகச் சொல்கிறேன், தேதி குறித்தபோது வீட்டிலேயே அதிக சந்தோஷப்பட்டது நான்தான். போய்விடுவாள், நாய் எனக்குத் திரும்பிவிடும். பத்திரிகைக்குத் தடவிய மஞ்சள்கூட நான் குழைத்ததுதான்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, வெயில் ஏறுவதற்குள் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். குழந்தைக்கு முதல் கடல். தலையில் குல்லா, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. என் கணவர் பாயை விரித்து, அது பறக்காமலிருக்க நாலு மூலையிலும் எங்கள் செருப்புகளை வைத்தார். எங்கள் நாய்க்கு அலையைக் கண்டால் பயம். ஆனாலும் பார்க்காமல் இருக்கவும் முடியாது. முன்பெல்லாம் என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக் குரைப்பான். அன்றைக்கு நான் வேண்டுமென்றே அலை ஓரமாகப் போய் நின்றேன். கால்களைக் கொஞ்சம் அகட்டிக்கூட வைத்துக்கொண்டேன், அவனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. அலை வந்தது. அவன் ஓடிப்போய் நாத்தனாரின் கால்களுக்குப் பின்னால் நின்றான்.

என் கணவர் குழந்தையின் பாதத்தை ஈர மணலில் பதித்துக்கொண்டிருந்தார். நானும் அவளும் பாயில் வந்து உட்கார்ந்தோம். என்னால் அடக்க முடியவில்லை.

"என்ன மருந்து வெச்ச அவனுக்கு?" என்றேன். கேலியாகக் கேட்கத்தான் நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

அவள் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "நீங்க போனப்புறம் அவன் சாப்பிடவே இல்ல அண்ணி. தண்ணிகூடக் குடிக்கல. அண்ணன் ஊட்டிப் பாத்தாரு, அதுக்கும் மசியல. உங்க நைட்டிமேலயே படுத்துக் கெடந்தான். உங்ககிட்ட சொன்னா கிளம்பி வந்துடுவீங்கன்னு சொல்லல. எனக்கு வேற வழி தெரியல. அந்த நைட்டிய எடுத்து நானே போட்டுக்கிட்டேன். ஒரே நாய் முடி. கையெல்லாம் நடுங்குது எனக்கு. சோத்தப் பிசைஞ்சு அவன் முன்னாடி ஒக்காந்தேன். நைட்டிய மோந்து பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான், மறுபடி மோந்தான். அப்புறம் சாப்பிட்டான். தினமும் அதப் போட்டுக்கிட்டுத்தான் சோறு வெச்சேன்."

எனக்குள் ஏதோ இளகியது. அப்படியென்றால் அவன் என்னிடம்தான் சாப்பிட்டிருக்கிறான். அவள் வெறும் கை, வாசனை என்னுடையது. கோடை முழுக்க நான் பட்ட எரிச்சலுக்கு இந்த ஒரு பேச்சு போதும் என்று தோன்றியது. அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்புறம் ஒருநாள் துவைச்சுட்டேன் அண்ணி. இனிமே சாப்பிட மாட்டானோன்னு பயந்துட்டேன். ஆனா சாப்பிட்டான்."

நான் பாயில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அவன நான் கூட்டிட்டுப் போகட்டுமா? அசோக் நகர் வீட்ல கீழ தோட்டம் இருக்கு. அவருக்கும் நாய் பிடிக்கும். உங்களுக்குப் பாப்பாவே சரியா இருக்கும்."

"அவன் என் நாய்" என்றேன். "யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போக வேணாம்."

சொன்ன வேகத்தில் என் கணவர் திரும்பிப் பார்த்தார். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காததுபோல் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தேன். வரும் வழியில் காரில் நாய் பின்சீட்டில் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கியது.

கல்யாணம் நன்றாக நடந்தது. நாத்தனார் முடிச்சு போட வேண்டியது மாப்பிள்ளையின் அக்கா. ஆனால் கல்யாணப் பெண்ணுக்குத் தலைவாரிப் பூ வைத்ததும், கூறைப்புடவை கட்டிவிட்டதும் நான்தான். அழுதுகொண்டே கட்டிவிட்டேன். அது பொய்யில்லை. அவள் அசோக் நகருக்குப் போனதும் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, நாயைக் கூப்பிட்டேன். வந்தான், கையை நக்கினான், திரும்பிப் போய் அவள் அறை வாசலில் படுத்துக்கொண்டான்.

அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. கோழியை வேகவைத்துப் பிசைந்தேன். தயிர் விட்டேன், பொறையை நனைத்தேன். எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கூடத்தில் குழந்தை தூளியிலிருந்து எட்டி அவனைத் தேடி அழுதது.

"அவள வரச் சொல்லட்டுமா?" என்றார் என் கணவர்.

"வேணாம்."

"இல்ல, அசோக் நகர்ல கொண்டுபோய் விட்ரலாமா? பாவம்."

"வேணாம்னு சொல்றேன்ல?"

அவர் ஆபீஸ் போனபிறகு அவள் அறையைத் திறந்தேன். கட்டில் காலியாக இருந்தது. கதவுக்குப் பின்னால், கொக்கியில், பழுப்பு நைட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாண அவசரத்தில் துவைக்கப் போடாமல் விட்டிருக்கிறாள், அல்லது வேண்டுமென்றே விட்டுப் போயிருக்கிறாள். நான் அவளிடம் இன்றுவரை கேட்கவில்லை. எடுத்து முகர்ந்தேன். அவள் பவுடர், அவள் தேங்காயெண்ணெய், கொஞ்சம் வேர்வை. நான் அதில் எங்குமே இல்லை.

கதவைச் சாத்திவிட்டு, போட்டிருந்ததைக் கழற்றி, அதைப் போட்டுக்கொண்டேன். சோற்றைப் பிசைந்து எடுத்துவந்து அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவன் தலையைத் தூக்கினான். ஓரத்தை மோந்தான், பாக்கெட்டை மோந்தான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி மோந்தான். பிறகு தட்டில் வாய்வைத்தான்.

மதியம் வேலைக்கார அக்கா வாளியோடு வந்து நின்றது. "அந்த நைட்டியயும் கழட்டிக் குடுமா, ஊற வெக்கறேன். ஒரே நாய் முடியா கீது."

"இருக்கட்டும்" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் துவைக்க வேணாம்."